பிள்ளை தூங்காத இரவு: எதை முதலில் பார்ப்பது, எப்போது கிளினிக்குக்கு ஓடுவது

மூன்று பிள்ளைகள், ஒன்பது வருடங்கள். நடுவில் விழிக்காமல் விடியும் வரை தூங்கிய இரவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறோம். பின்வேலிக்கு அப்பால் செம்பனைத் தோட்டம். கணவர் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் ஆலையில் வந்து போகும் லாரிகளின் எடையைப் பதிகிறேன்.

எடைக் கணக்கு இடித்தால் நாங்கள் முதலில் தராசைக் குறை சொல்வதில்லை. லாரிக்குள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, தொட்டியில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். தராசுக்காரரைக் கூப்பிடுவது கடைசி. பிள்ளை தூங்காவிட்டாலும் அதே வரிசைதான் சரி. மூத்தவனுக்கு நான் தலைகீழாகச் செய்தேன். மின்சாரத் தொட்டில் வாங்கினேன், மூன்று வகைப் பால்மாவு மாற்றினேன், தாயத்தும் கட்டியாயிற்று. அவனைப் பகலில் பார்த்துக்கொண்ட பாட்டி மாலை ஐந்தரை வரை தூங்கவிட்டுக்கொண்டிருந்தார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் வீட்டு இரவுக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் படித்தால் போதும். பிள்ளைக்குக் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு "இரவில் கூடும் காய்ச்சல்" என்ற தலைப்புக்குப் போங்கள்.

## எதையும் வாங்குவதற்கு முன்

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று நாள் கணக்கு எழுதுங்கள். பகலில் எப்போது தூங்கி எப்போது எழுந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குக் கண் மூடியது, எத்தனை மணிக்கு விழித்தது, விழித்தவுடன் என்ன செய்தது. கடைசிக் கேள்விக்கான பதில்தான் பாதிப் பழுதைக் காட்டிக்கொடுக்கும். அழுததா, சொறிந்ததா, பால் கேட்டதா, சும்மா உட்கார்ந்து கதை பேசியதா?

"ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை" என்று நாம் புலம்புவது பெரும்பாலும் பொய்க்கணக்கு. நடுமகள் தூங்கவே இல்லை என்று நான் அழுத வாரத்தில் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் ஓர் இரவுக்கு ஒன்பதரை மணி நேரம் வந்தது. தூங்காதது நான்.

பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குத் தேவையான அளவு இது: நான்கு மாதம் முதல் ஒரு வயது வரை 12 முதல் 16 மணி நேரம், ஒன்று இரண்டு வயதில் 11 முதல் 14, மூன்றிலிருந்து ஐந்து வயது வரை 10 முதல் 13, ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12. உங்கள் கணக்கு இதற்குள் வந்தால் பிள்ளையிடம் பழுது இல்லை. நேரத்தை இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

## படுக்கப் போட்டால் பதினொரு மணி வரை ஆட்டம்

முதலில் பகல் தூக்கம். பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரிடம் நேராகக் கேளுங்கள், ஆனால் விசாரணை போலக் கேட்காதீர்கள். "எத்தனை மணிக்கும்மா எழுந்தான்?" என்று சாதாரணமாகக் கேட்டால் உண்மை வரும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை மூன்றரைக்குப் பிறகும் தூங்கினால் இரவு பத்துக்கு முன் கண் மூடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது வெளிச்சம். எங்கள் பாட்டி கடைசி வரை "பழைய நேரம்" என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால்தான் இங்கே ஏழரை மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் ஏழரைக்கே மணி அடித்துவிடுகிறது. பிள்ளையின் உடம்பு சூரியனைப் பார்க்கிறது, வேன்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது நாம். ஏழு மணிக்கே படுக்கையறைத் திரையை இழுத்து மூடுங்கள். கெட்டித் துணி இல்லையென்றால் பழைய கைலி ஒன்றை மடித்து ஆணியில் மாட்டினாலும் போதும். முன்னறை விளக்கையும் குறையுங்கள்.

வேன் 6.20க்கு வந்தால் பிள்ளை 5.45க்கு எழ வேண்டும். குறைந்தபட்ச ஒன்பது மணி நேரம் கிடைக்க 8.45க்குத் தூங்கியிருக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் அந்த நேரத்தில்தான் சூடு பிடிக்கிறது. எங்கள் வீட்டில் அத்தையோடு பேசி ஒரு சமரசத்துக்கு வந்தோம்: அவர் தொடரை விடவில்லை, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். அதுவே பெரிய விட்டுக்கொடுப்பு.

மூன்றாவது, தேநீர். இதை யாரும் சந்தேகிப்பதில்லை. மாலை நான்கரைக்குத் தாத்தா குடிக்கும் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துப் பேரனுக்குக் கொடுப்பது நம் வீடுகளில் பாசம். தேயிலையில் கேஃபின் இருக்கிறது, சின்ன உடம்பில் அது வெகுநேரம் தங்கும். மைலோவிலும் கொக்கோ வழியாகக் கொஞ்சம் உண்டு, சர்க்கரையும் சேர்ந்துகொள்ளும். இன்னொரு தொல்லை, உணவிலிருந்து இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேநீர் தடுக்கும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகள் சிலருக்குப் படுத்தவுடன் கால் நிற்காது, உதைத்துக்கொண்டே இருப்பார்கள். "கால் குடையுது", "கால்ல எறும்பு ஊருது" என்று பிள்ளை சொன்னால் குறும்பு என்று அதட்டாதீர்கள். தேநீரை நிறுத்திவிட்டு கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

கைப்பேசி. எல்லாருக்கும் தெரிந்ததுதான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். நீங்களும் வைத்துவிடுங்கள்.

இவை நான்கையும் இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால் கிளினிக். அதற்கு முன் போனால் மருத்துவரும் இதே நான்கைத்தான் கேட்பார்.

## தொட்டிலில் தூங்குகிறது, பாயில் போட்டால் விழிக்கிறது

ஸ்பிரிங் தொட்டில் இல்லாத வீடு நம் ஊரில் அபூர்வம். அசைவிலேயே தூங்கிப்போகும் குழந்தை, தூக்கம் இலேசாகும் ஒவ்வொரு முறையும் அந்த அசைவைத் தேடும். இதை முரண்டு என்று சொல்ல முடியாது, பழக்கம்.

பழக்கத்தை மாற்றும் முன் தொட்டிலையே ஒருமுறை சோதியுங்கள். தொட்டிலில் பாரம் இல்லாதபோது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் கம்பி களைத்துவிட்டது என்று பொருள். கொக்கி தேய்ந்து பளபளப்பாகியிருந்தாலோ துரு பிடித்திருந்தாலோ எண்ணெய் போட்டுச் சமாளிக்காதீர்கள், மாற்றுங்கள். "அண்ணன் படுத்த தொட்டில்" என்று ஸ்பிரிங்கையும் சேர்த்துத் தம்பிக்குக் கொடுப்பது வேண்டாம். குழந்தை தானாக எழுந்து உட்காரத் தொடங்கிவிட்டால் தொட்டிலின் காலம் முடிந்தது.

துணியைப் பற்றியும் ஒரு சொல். பீரோவில் அந்துருண்டையோடு பூட்டி வைத்திருந்த சேலையையோ பாத்தேக் கைலியையோ அப்படியே எடுத்துத் தொட்டில் கட்டாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த வாடையே இரத்த அணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையில் கொண்டு விடும். நம் நாட்டில் பிறந்தவுடனேயே இதற்கான பரிசோதனை செய்துவிடுகிறார்கள். முடிவு, குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும், திறந்து பாருங்கள்.

இனி இறக்கும் வேலை. நன்றாக ஆட்டி, கண் சொருகும் நேரத்தில் ஆட்டத்தைக் குறைத்து, முழுதாக மூடும் முன் நிறுத்துங்கள். சிணுங்கினால் நெஞ்சில் கையை வைத்து நில்லுங்கள், ஆட்டாதீர்கள். நிறுத்திய தொட்டிலில் தூங்கப் பழகிய பிறகுதான் பாய். இறக்கும்போது முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் தலை. கையை உடனே உருவாமல் ஐம்பது வரை எண்ணுங்கள். நடுமகளுக்கு ஒன்பது இரவு பிடித்தது. ஆறாவது இரவு முதல் இரவைவிட மோசமாக இருந்தது, அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பாயில் குழந்தை மல்லாந்து படுக்க வேண்டும். ஒரு வயது வரை தலையணை வேண்டாம், பாட்டி தைத்த கடுகுத் தலையணையும் வேண்டாம், குழந்தைக்கென்றே கடையில் விற்கும் குட்டிப் போல்ஸ்டர்களும் வேண்டாம். மெத்தென்ற எதுவும் குழந்தையின் மூக்கை அடைத்துவிடக்கூடும். அத்தைக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. கடைசியில் கிளினிக் தாதி சொன்னபோது ஒரே நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்.

## தூங்கி இரண்டு மணி நேரத்துக்குள் அலறல், ஆள் அடையாளம் தெரியவில்லை

கண் திறந்திருக்கும், நம்மைப் பார்க்காது. தூக்கினால் உதறும். வேர்த்துக் கொட்டும். ஐந்து பத்து நிமிடத்தில் தானாக அடங்கிப் படுத்துவிடும். காலையில் கேட்டால் எதுவும் நினைவிருக்காது. இதை இரவு மிரட்சி என்பார்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழித்த நிலை. மூன்று வயது முதல் பள்ளி வயது வரை அடிக்கடி காணலாம், வளர வளரப் போய்விடும்.

விடியும் நேரத்தில் அழுது, நம்மை அடையாளம் கண்டு, "பேய் வந்துச்சு" என்று கதையாகச் சொன்னால் அது வெறும் கெட்ட கனவு. கட்டிக்கொண்டால் போதும்.

மிரட்சிக்கு முதல் காரணம் களைப்பு. பகல் தூக்கம் தவறிய நாள், திருவிழாவுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பிய நாள், காய்ச்சல் கண்ட நாள். எழுப்பாதீர்கள். எழுப்பினால் மிரட்சி நீளும். விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்குக் கால் மணி நேரம் முன்பு இலேசாகத் தட்டிப் புரளவைத்துவிடுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்ததில் எங்கள் மூத்தவனுக்கு நின்றது.

அதே வாரத்தில் அத்தை உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். நெடி வரவில்லை, கண்ணூறு பலமாம். எது வேலை செய்தது என்று இன்றுவரை வீட்டில் தீர்ப்பாகவில்லை. சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பிள்ளை மூச்சு முட்டாத தூரத்தில் போடுங்கள்.

கை கால் ஒரே சீராக வெட்டி இழுத்தாலோ, நாக்கைக் கடித்துக்கொண்டாலோ, ஓர் இரவில் பலமுறை வந்தாலோ கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட அரை நிமிடப் படம் அவருக்கு நூறு மடங்கு உதவும்.

## நடு இரவில் புரளல், நெளிதல், சொறிதல்

எங்கள் வீட்டில் அதிகம் திரும்பி வந்த பழுது இது. காரணம் ஐந்து. மலிவானதிலிருந்து பாருங்கள்.

வேர்வை. பிள்ளையின் பிடரியில் கை வையுங்கள். கையும் காலும் பொய் சொல்லும், பிடரி சொல்லாது. ஈரமாக இருந்தால் சட்டையைக் கழற்றுங்கள், பெம்பர்ஸைத் தளர்த்துங்கள். காற்றாடி முன்பு போல வேகமாகச் சுற்றவில்லையா? இறக்கையில் படிந்த தூசியைத் துடையுங்கள். துடைத்தும் ஐந்தாம் எண்ணில் தூங்கி வழிந்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். மின்வேலை தெரிந்தவர் சில நிமிடத்தில் மாற்றிவிடுவார், புதுக் காற்றாடி வாங்கத் தேவையில்லை.

கொசு. காலையில் திறந்திருந்த இடங்களில் மட்டும் தடிப்பு இருந்தால் கொசுதான். வலை கட்டுங்கள். கொசுவர்த்திச் சுருளைப் பிள்ளை படுக்கும் அறையில் கதவைச் சாத்தி ஏற்றாதீர்கள், இருமல்தான் மிஞ்சும். டிங்கி கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும். எனவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

மூட்டைப்பூச்சி. மெத்தையின் ஓரத் தையலில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள், வரிசையாக மூன்று நான்கு கடிகள் இருந்தால் அதுதான். மெத்தையை வெயிலில் போட்டால் மட்டும் போகாது. கட்டில் இடுக்குகளில் கொதிநீர் ஊற்ற வேண்டும். முற்றிவிட்டால் பூச்சி ஒழிப்பவரைக் கூப்பிடுவது தவிர வேறு வழியில்லை.

கீரிப்பூச்சி. பிள்ளை பின்புறத்தைச் சொறிகிறது, குப்புறப் படுத்து இடுப்பைத் தூக்குகிறது, எரிச்சலோடு விழிக்கிறது, ஆனால் எங்கே தொல்லை என்று சொல்லத் தெரியவில்லை. சோதிக்கக் காசு வேண்டாம், கொஞ்சம் மனதிடம் வேண்டும். பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும் விளக்கைப் போடாமல் டார்ச்சோடு போங்கள். பின்புறத்தை மெல்ல விரித்து ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள். பெண்பூச்சிகள் முட்டையிட வெளியே வரும் நேரம் அது. நான் முதலில் பார்த்தது தையல் நூலின் வெள்ளைத் துண்டு என்று நினைத்தேன், சட்டையிலிருந்து விழுந்திருக்கும் என்று விரலால் எடுக்கப் போனேன். நூல் நெளிந்தது. டார்ச்சைக் கீழே போட்டதில் வீடே விழித்துக்கொண்டது. அரை அங்குலம்கூட இருக்காத அந்த நூல்தான் மூன்று வாரமாக எங்கள் ஐந்து பேரின் தூக்கத்தையும் தின்றிருந்தது.

பூச்சி மருந்து பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் திரும்பி வரும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். முட்டைகளை மருந்து கொல்லாததால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. மருந்து கொடுத்த மறுநாள் காலை எல்லாருக்கும் குளியல், படுக்கை விரிப்பைச் சுடுநீரில் துவைத்தல், நகம் வெட்டுதல். அசுத்தமான வீட்டில்தான் இது வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். பாலர் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் எல்லாருக்கும் வரும், அவர் வீட்டுப் பேரனுக்கும் அதே மாதம் வந்தது.

சிரங்கு. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, கைக்குழந்தை என்றால் உள்ளங்காலிலும் சிறு கொப்புளங்கள் வந்து, இரவில் அரிப்பு உச்சத்துக்குப் போனால் தேங்காய் எண்ணெயும் வேப்பிலையும் போதாது. கிளினிக்குக்குப் போங்கள். களிம்பை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் பூச வேண்டும், அரிப்பு இல்லாதவரும் பூச வேண்டும். எங்கள் வீட்டில் "எனக்கு ஒன்றுமில்லை" என்று தப்பித்த ஒருவரால்தான் இரண்டாம் சுற்று வந்தது. அவர் லாரி ஓட்டுகிறார், அதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன்.

## கைக்குழந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கிறது

மூன்று மாதம் வரை இது பழுதே அல்ல. வயிறு சின்னது, பால் சீக்கிரம் செரிக்கும். எடை ஏறுகிறதா, பெம்பர்ஸ் அடிக்கடி நனைகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் குழந்தை சரியாக இருக்கிறது.

நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை நான்காம் மாதத்தை ஒட்டித் திடீரென்று கெட்டுப்போனதா? தூக்கத்தின் அமைப்பே அப்போது மாறுகிறது, இடையிடையே விழிப்பது கூடும். சில வாரங்களில் அடங்கும். இதில் நமக்கென்று ஒரு கொடுமை இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் 98 நாள் என்றால் பதினான்கு வாரம். வேலைக்குத் திரும்பிய சில நாள்களிலேயே குழந்தை இரவைக் கலைக்கத் தொடங்கும். "நான் வேலைக்குப் போனதால்தான் பிள்ளை ஏங்குகிறது" என்று நான் பல இரவு குமுறினேன். கடைக்குட்டி பிறந்தபோது அதே கணக்கில் அதே வாரம் வந்து நின்றதும்தான் அது ஏக்கம் அல்ல, வயது என்று புரிந்தது.

செய்யக்கூடாதவை: ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர், சோற்றுக்கஞ்சி, பால் போத்தலில் மாவு கலப்பது. ஒரு வயதுக்கு முன் தேன். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் வைத்திருப்பதால் வசம்பை உரைத்து நாக்கில் தடவலாம் என்று பொருள் இல்லை. தூங்க வைக்கிறது என்பதற்காகச் சளி மருந்து கொடுப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து.

பால் குடித்ததும் முதுகை வளைத்துக் கதறினால், எடை ஏறாவிட்டால், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் மருத்துவர். பச்சை வாந்தி என்றால் அன்றே, அந்த மணியே.

## விடியற்காலை நாலரைக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறது

வெளியே நின்று கேளுங்கள். நம் ஊரில் அந்த நேரத்தில் சத்தமில்லாமல் இருப்பது செம்பனை மட்டும்தான். எங்கள் வீட்டில் காரணம் லாரி. படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே பத்து நிமிடம் என்ஜினைச் சூடாக்குவது என் கணவரின் பதினைந்து வருட வழக்கம். சாலை முனையில் நிறுத்தச் சொன்னேன், "டீசல் திருடிவிடுவான்" என்றார். கடைசியில் பிள்ளைகளைப் பின்னறைக்கு மாற்றினோம். அந்த வாரமே ஐந்தே முக்கால் ஆனது.

சத்தத்தை மாற்ற முடியாதென்றால் இன்னொரு சத்தத்தால் மூடுங்கள். காற்றாடியின் சீரான இரைச்சல் போதும். இரவு உணவு ஆறரைக்கே முடிந்துவிடுகிறதா? பசியாக இருக்கலாம். படுக்கும் முன் ஒரு வாழைப்பழம் கொடுத்துப் பாருங்கள். இரவு சீக்கிரம் படுக்க வைத்துவிட்டுக் காலையில் சீக்கிரம் எழுகிறதே என்று புலம்புவதும் உண்டு. நோட்டைக் கூட்டிப் பாருங்கள். கணக்கு நிறைந்திருந்தால் பிள்ளை தன் பங்கை முடித்துவிட்டது.

## குறட்டை, வாய் திறந்த தூக்கம்

சளி பிடித்த வாரத்தில் வந்து போனால் விட்டுவிடுங்கள். சளி இல்லாத நாளிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, நடுவில் சில விநாடி மூச்சு நின்று பிறகு திடுக்கென்று இழுப்பு, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, பகலில் எரிச்சல். இவை சேர்ந்தால் தொண்டைச் சதையோ (டான்சில்) மூக்கின் பின்சதையோ வீங்கியிருக்கலாம். படம் பிடித்துக்கொண்டு கிளினிக்கில் காட்டி, பெரிய மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். வீட்டு வைத்தியத்தில் இதற்கு வேலையில்லை.

## இரவில் கூடும் காய்ச்சல், இருமல், காதுவலி

இங்கே மலிவானதிலிருந்து தொடங்கும் வரிசை செல்லாது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் பார்க்கிறார்கள், ஆனால் அது பகலில். இரவில் மருத்துவமனையின் அவசரப் பிரிவுதான்.

உடனே கிளம்ப வேண்டியவை: மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல். எந்த வயதிலும் மூச்சு விடும்போது விலா உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழாதது. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999. வலிப்பு வந்த பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியும் விரலும் வேண்டாம்.

நாய் குரைப்பது போன்ற இருமல், மூச்சை இழுக்கும்போது கீச்சொலி வந்தால் பிள்ளையை அழவிடாமல் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சும்மா இருக்கும்போதே அந்தக் கீச்சொலி கேட்டால் தாமதிக்கவே கூடாது.

டிங்கி விஷயத்தில் நாம் ஏமாறுவது காய்ச்சல் இறங்கும் நாளில்தான். மூன்றாம் நாளுக்குப் பிறகு உடம்பு குளிர்ந்துவிட்டது, பிள்ளை தூங்குகிறது, அப்பாடா என்று நாமும் படுக்கிறோம். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து சோர்ந்து தூங்குவது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது நல்ல தூக்கம் அல்ல. எழுப்பித் தூக்கிக்கொண்டு போங்கள்.

படுத்தவுடன் கூடும் அழுகை, காதைப் பிடித்து இழுப்பது, கூடவே காய்ச்சல் என்றால் காதாக இருக்கலாம். வலிக்கு வயதுக்கும் எடைக்கும் ஏற்ற பாராசிட்டமால் கொடுத்துக் காலையில் கிளினிக். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள்.

## ஐந்து வயதாகியும் படுக்கை நனைகிறது

ஏழு வயது வரை பொறுக்கலாம். மலச்சிக்கல் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், அதுவே பல பிள்ளைகளுக்குக் காரணம். ஆறு மாதம் காய்ந்திருந்த படுக்கை திடீரென்று நனையத் தொடங்கி, தாகமும் மெலிவும் சேர்ந்தால் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். உறவினர் முன்னால் இதைப் பேசாதீர்கள்.

## பிள்ளை தூங்கிவிட்டது, உங்களுக்குத் தூக்கம் வரவில்லை

இந்தப் பழுதை நாம் கடைசியில்தான் பதிவோம்.

எளிய காரணம், அடுத்த அழுகைக்காகக் காது விழித்திருப்பது. இரவை இரண்டாக வெட்டுங்கள். ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை ஒருவர், பிறகு மற்றவர். காவல் இல்லாதவர் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். லாரி ஓட்டுபவர் முதல் பாதியைக் காவல் காப்பதில்லை, அவர் தூங்காவிட்டால் சாலையில் மற்றவர்களுக்கும் ஆபத்து. எங்கள் வீட்டில் முதல் பாதியை அத்தை எடுத்துக்கொண்டார். கேட்கும் வரை அவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கு நான்கு வருடம் ஆனது.

அடுத்த காரணம் கொஞ்சம் கனம். வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராமல் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும், பிள்ளையைத் தொடவே பயம், "நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள்" என்ற எண்ணம். இதைப் பச்சை உடம்பின் பலவீனம் என்று மூடி மறைக்காதீர்கள். குழந்தையின் ஊசி நாளில் தாதியிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். இரவில் யாரும் இல்லையென்றால் 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். பிள்ளையை உலுக்கிவிடுவேனோ என்று தோன்றும் நிமிடத்தில் அதைப் பத்திரமாகப் பாயில் கிடத்திவிட்டு வாசலில் போய் நில்லுங்கள். பத்து நிமிட அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு முறை உலுக்கினால் மூளையே சேதமாகலாம்.

காலையில் ஒரு சோதனை செய்யுங்கள். மோட்டார் சாவியை எடுக்கும் முன், வீட்டிலிருந்து வேலையிடம் வரை நேற்று எந்த வழியாகப் போனோம் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கடைக்குட்டிக்குப் பல் முளைத்த வாரத்தில், இரயில்வே பாலத்தைக் கடந்தது எனக்கு நினைவிலேயே இல்லை. அன்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ஆலைக்குப் போகும் அடுத்த வீட்டு அண்ணனின் காரில் பின்னால் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு போனேன்.